தூணுக்குள் என்ன இருக்கு?

காட்டுப்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் இறங்கி, மவுன்ட் - பூந்தமல்லி சாலையை விட்டு விலகி ஏதாவது ஒரு குறுக்குத் தெருவில் நுழைந்து பாருங்கள். ஐந்தே நிமிடத்தில் ஏதென்ஸ் நகரம் வந்துவிடும்.

அரை கிரவுண்டு மனை. கேட்டை ஒட்டி ஒரு முருங்கை மரம். போர்ட்டிகோவில் ஒரு ஸ்கூட்டர், ஒரு காலி சிலிண்டர், காயப்போட்ட வடகம். இத்தனைக்கும் காவலாக ரெண்டு வெள்ளைத் தூண்கள். தூண் உச்சியில் இலை இலையாகப் பிரிந்து, ஓரங்களில் தங்க பெயின்ட் அடித்த அலங்காரம். அதற்கு நேர் மேலே, கண் திருஷ்டிக்காக நாக்கைத் துருத்திக்கொண்டு தொங்கும் பூத முகம். கிரேக்கமும் செங்கல்பட்டு ஜில்லாவும் இவ்வளவு சிநேகமாக வேறு எங்கேயும் ஒட்டிக்கொண்டதில்லை. கல்யாண மண்டபங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பந்திக்கு ஒரு தூண் என்று நட்டிருக்கிறார்கள்.

இதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. குறிப்பாகக் கட்டடக்கலை படித்தவர்கள். “இதுக்கும் நம்ம ஊருக்கும் என்ன சார் சம்பந்தம்? வெயில் அடிக்கிற ஊர்ல திண்ணை வேணும், தாழ்வாரம் வேணும். அதை விட்டுட்டு ரோமன் பில்லரா?” என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடு இல்லை. காட்டுப்பாக்கத்தைப் பார்த்துச் சிரிப்பதென்றால் ஜார்ஜ் கோட்டையைப் பார்த்தும் சிரிக்க வேண்டும். மதுரை மகாலைப் பார்த்தும், ரோமாபுரியைப் பார்த்தும் சிரிக்க வேண்டும். அவ்வளவு சிரித்தால் வயிறு வலிக்கும்.

தவிர, பிரகலாதன் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தூணைப் பார்த்ததும் நமக்கு வர வேண்டிய கேள்வி, ‘இது எந்த ஊர்த் தூண்?’ என்பதல்ல. இரணியன் கேட்ட கேள்விதான். உள்ளே என்ன இருக்கு?

அதற்கு முன் ஜாதகம் பார்த்துவிடலாம்.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த காலம் எல்லாம் லெட்ஜரில் கோடு போட்ட பற்று, வரவு ரெண்டும்தான். கேப்பிடல் என்றால் முதலீடு. தூணின் தலைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. தூண் விஷயத்தில் ஆதி குரு, விட்ருவியஸ் என்ற ரோமானியப் பொறியாளர். கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்தவர். கட்டடக்கலை பற்றி பத்துப் பாகங்களாக ஒரு புத்தகம் எழுதி, அதை அகஸ்டஸ் சீஸருக்குச் சமர்ப்பித்தவர். அவர் தூண்களை மனிதர்களாகவே பார்க்கிறார்.

முதலில் டாரிக் தூண். இது ஆம்பளை. ஆணின் பாதத்தைப் போல் ஆறு மடங்கு அவன் உயரம். அதனால் தூணும் அடி விட்டத்தைப் போல் ஆறு மடங்கு உயரம் என்று ஆரம்பத்தில் வைத்தார்களாம். கிரேக்க டாரிக் தூணுக்குப் பீடம் கிடையாது. வெறுங்காலோடு தரையில் நிற்கும். தலையில் ஒரு சட்டி, அதன் மேல் ஒரு சதுரப் பலகை, அவ்வளவுதான். சுமை தூக்கும் ஆள் சும்மாட்டோடு நிற்பது மாதிரி. ஏதென்ஸில் கி.மு. 447-ல் கட்ட ஆரம்பித்த பார்த்தினான் கோயிலைச் சுற்றி நிற்பவை இந்த ரகம்.

அடுத்தது அயோனிக். இது பெண். விட்டத்தைப் போல் எட்டு மடங்கு உயரம், ஒல்லி. காலுக்குச் செருப்பு மாதிரி ஒரு பீடம். தலையின் இரண்டு பக்கமும் சுருள் சுருளாக இறங்குவது கூந்தலாம். உடம்பில் மேலிருந்து கீழாக ஓடுகிற வரிப்பள்ளங்கள் உடையின் மடிப்பாம். இதெல்லாம் என் கற்பனை இல்லை, விட்ருவியஸே எழுதி வைத்திருப்பது. அவர் மட்டும் தமிழராக இருந்திருந்தால் ‘கொசுவம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்.

மூன்றாவது, காட்டுப்பாக்கத்துக்குப் பிடித்த கொரிந்தியன். இதற்கு ஒரு சோகக் கதை உண்டு. கொரிந்து நகரத்தில் கல்யாண வயதில் இருந்த ஒரு பெண் நோயில் இறந்துபோனாள். அவளை வளர்த்த தாதி, அந்தப் பெண் ஆசையாக வைத்திருந்த கிண்ணம், சாமான்களை எல்லாம் ஒரு கூடையில் போட்டு, சமாதி மேல் வைத்து, காற்று மழையில் கெடாமல் இருக்க ஓர் ஓட்டால் மூடிவிட்டு வந்தாள். அந்தக் கூடை தற்செயலாக ஓர் அகாந்தஸ் செடியின் வேர் மேல் உட்கார்ந்துவிட்டது. வசந்த காலம் வந்தது. செடி துளிர்த்துக் கூடையைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறியது. ஓடு தடுத்ததால் இலை நுனிகள் வெளிப்பக்கமாகச் சுருண்டன. அந்த வழியாகப் போன கல்லிமாக்கஸ் என்ற சிற்பி அதைப் பார்த்து அப்படியே தூணின் தலைக்குக் கொண்டு வந்துவிட்டான்.

கதை உண்மையோ, பொய்யோ... அந்தத் தாதியை மறக்க முடியவில்லை. காட்டுப்பாக்கத்தில் தங்க பெயின்ட் அடித்த ஒவ்வொரு தூண் தலையிலும் இருப்பது கல்யாணம் ஆகாமல் செத்துப்போன ஒரு பெண்ணின் பொம்மைக் கூடை. கல்யாண மண்டபக்காரர்களிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள், வாஸ்துப்படி இடித்துவிடுவார்கள்.

இன்னொன்று. அந்த அகாந்தஸ் நமக்கு முழுக்க அந்நியம் இல்லை. பிச்சாவரத்தில் படகில் போனால் கரையோரம் சேற்றில், முள் முள்ளான இலையோடு, நீலப் பூ பூத்து நிற்கும் கழுதைமுள்ளி அதே குடும்பத்து, அதே இனத்துச் செடி. கொரிந்தியன் தூணுக்குக் கழுதைமுள்ளித் தூண் என்று பெயர் வைத்தால் தாவரவியல்படி பெரிய தப்பில்லை.

ரோமானியர்கள் இந்த மூன்றோடு தங்கள் பங்குக்கு இரண்டைச் சேர்த்தார்கள். டாரிக்கை இன்னும் மொழுமொழுவென்று ஆக்கினால் டஸ்கன். கொரிந்தியன் இலைக்கு மேல் அயோனிக் சுருளையும் வைத்தால் காம்போஸிட். ஐந்தும் சேர்ந்து ‘ஐந்து முறைகள்’ என்று சட்டமானது 16-ம் நூற்றாண்டில்தான். செர்லியோ என்ற இத்தாலியர் 1537-ல் படம் போட்டுப் புத்தகமாக வெளியிட்டார். பிறகு ஐரோப்பா முழுக்க அந்த மாதிரிப் புத்தகங்களைப் பார்த்துத்தான் தூண் நட்டார்கள். இன்றைக்கு எலிவேஷன் கேட்டலாக்கைப் புரட்டி ‘இந்த டிசைன் குடுங்க’ என்கிறோமே, அதே கதைதான்.

சரி, இரணியனுக்கு வருவோம்.

ரோமில் கொலோசியம் இருக்கிறது இல்லையா... கி.பி. 80-ல் திறந்தது. அதன் வெளிச் சுவரில் கீழ் மாடிக்கு டஸ்கன், அடுத்ததற்கு அயோனிக், அதற்கு மேல் கொரிந்தியன் என்று வரிசையாகத் தூண்கள் நிற்கும். நிற்கும் என்றா சொன்னேன்? ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லாம் சுவரில் செதுக்கிய பாதித் தூண்கள். உண்மையான பாரத்தைத் தாங்குவது பின்னால் இருக்கும் வளைவுகளும் கட்டைத் தூண்களும்தான். அதாவது, முழு ரோமாபுரிக்கும் அது எலிவேஷன்.

கிரேக்கர்கள் மட்டும் யோக்கியமா? அவர்களுடைய ஆதிக் கோயில்கள் மரத்தில் இருந்தன. கல்லுக்கு மாறியபோது மர உத்தரத்தின் முனை, அதைப் பிடித்த ஆப்பு, எல்லாவற்றையும் அவசியமே இல்லாமல் கல்லிலும் செதுக்கினார்கள். இதையும் விட்ருவியஸே சொல்கிறார். மாமல்லபுரத்தில் திரௌபதி ரதத்தைப் பாருங்கள். முழுக் கருங்கல், கூரை மட்டும் வேய்ந்த குடிசை மாதிரியே இருக்கும். கட்டடங்கள் பழைய உடம்பை மறக்காது போல.

நம் மெட்ராஸுக்கு வருவோம். அண்ணாசாலையில் ராஜாஜி ஹால். 1969-ல் அண்ணா, 1987-ல் எம்.ஜி.ஆர்., 2016-ல் ஜெயலலிதா, 2018-ல் கருணாநிதி என்று தமிழ்நாடு அழுதபோதெல்லாம் டி.வி-யிலும் பத்திரிகையிலும் பின்னணியில் நின்ற அந்த உயரமான வெள்ளைத் தூண்கள் டாரிக் குடும்பம். படிக்கட்டு ஏறிப் போனால் கிரேக்கக் கோயில் மாதிரியே ஒரு தோரணை. கட்டி முடித்தது 1802-ல். திப்பு சுல்தானை ஜெயித்த பெருமையைக் கொண்டாட, விருந்து மண்டபமாக. கட்டியவர் ஜான் கோல்டிங்ஹாம். அவர் மெட்ராஸ் வானாய்வு நிலையத்தில் நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருந்தவர்! ராபர்ட் கிளைவின் மகன் கவர்னராக இருந்த காலம். வெற்றி விழாவுக்குக் கட்டிய தூண்களுக்கு நடுவில்தான் நாம் ஒவ்வொரு தலைவரையும் வழியனுப்பினோம்.

அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பயணிகள் மெட்ராஸில் கப்பலை விட்டு இறங்கியதும் வாயைப் பிளந்தார்களாம். ‘ஊரெல்லாம் சலவைக்கல் தூண்!’ கிட்டப் போய்த் தட்டிப் பார்த்தால் செங்கல். மேலே பூசியிருந்தது நம் சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டு அரைத்து, முட்டை வெள்ளை, தயிர், வெல்லம் என்று சமையல் மாதிரி சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். ‘மெட்ராஸ் சுனம்’ என்று அதற்கு உலகப் புகழ். 1636-ல் கட்டிய மதுரை திருமலை நாயக்கர் மகாலின் ராட்சசத் தூண்களும் இதே குலம்தான். ‘பம்பாய்’ படத்தில் மனீஷா கொய்ராலா ஓடி ஒளிந்த அந்தத் தூண்களுக்கு மேலேயும் சுண்ணாம்புப் பூச்சுதான். பூச்சை வைத்துப் பார்த்தால் நாயக்கரும் கவர்னரும் காட்டுப்பாக்கமும் ஒரே வரிசை.

முழுக்க முழுக்கக் கல்லாகவே இருந்த தூண்களும் இங்கே உண்டு. அவை பட்ட பாடு பெரும் பாடு. ஜார்ஜ் கோட்டையில், இன்றைக்கு சட்டமன்றம் இருக்கும் கட்டடத்தின் முகப்பில் கன்னங்கரேல் என்று பளபளக்குமே, அவை பல்லாவரம் பக்கத்துக் கல். முதலில் கோட்டையின் கடல் வாசலிலிருந்து உள்ளே போகும் நடைபாதையில் நின்றவை. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராஸைப் பிடித்தபோது இந்தத் தூண்களையும் பிடுங்கிப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். 1761-ல் புதுச்சேரி விழுந்தபோது இங்கிலீஷ்காரர்கள் மறக்காமல் திரும்ப எடுத்துவந்தார்கள். பங்காளிச் சண்டையில் அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி.

சரி, நமக்கென்று ஒரு தூண் இல்லையா என்று ஒரு கோபம் வரும். வரணும். இருக்கிறது, ஐந்தல்ல, அதற்கு மேலேயே இருக்கிறது.

முதலில் நம் பாஷையைப் பாருங்கள். தூணை நாம் ‘கால்’ என்றோம். ஆயிரங்கால் மண்டபம், நூற்றுக்கால் மண்டபம், பந்தக்கால், முகூர்த்தக்கால். விட்ருவியஸ் சுற்றி வளைத்துச் சொன்னதைத் தமிழ் ஒரே அசையில் சொல்லிவிட்டது. சிற்ப சாஸ்திரப்படி சதுரத் தூண் பிரம்மகாந்தம், எட்டுப் பட்டை விஷ்ணுகாந்தம், உருண்டை ருத்ரகாந்தம். தூணின் தலையில் கலசம், தாடி, குடம், பலகை, அதற்கெல்லாம் மேல் உத்தரத்தைத் தாங்க இரு பக்கமும் கை விரிக்கும் போதிகை. அடுத்த முறை மாங்காட்டுக்கோ, பூந்தமல்லி வரதராஜப் பெருமாளுக்கோ போகும்போது சந்நிதி திறக்கும் வரை செல்போனைப் பார்க்காமல் மண்டபத்தில் அண்ணாந்து பாருங்கள். போதிகையின் முனையிலிருந்து வாழைப்பூ மாதிரி ஒரு மொட்டு கீழே தொங்கினால் அது விஜயநகர, நாயக்கர் காலத்துப் பாணி. மொட்டு இல்லாமல் சாய்வாக வெட்டி, நடுவில் முனை நீட்டியிருந்தால் சோழர் பாணி. இப்படித் தூண் தலையை வைத்துக் கோயிலின் வயசைச் சொல்லும் வித்தையை ஒழுங்காக எழுதி வைத்தவர் புதுச்சேரியில் வாத்தியாராக இருந்த ஜூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர், 1914-ல். (தூணைத் தூக்கிக்கொண்டு போன பாவத்துக்குப் பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.)

அவருக்கும் முன்னால் ஒருவர் உண்டு. ராம் ராஸ். தஞ்சாவூரில் பிறந்தவர், பெங்களூரில் நீதிபதியாக இருந்தவர். யாருக்கும் அர்த்தம் புரியாமல் சிதறிக் கிடந்த ‘மானசாரம்’ போன்ற சிற்ப நூல்களைத் தேடிப் பிடித்து, தஞ்சைப் பக்கத்து ஸ்தபதி ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். நம் தூண்களின் அளவுகளைக் கிரேக்க, ரோமானியத் தூண்களுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ‘எங்களுக்கும் கணக்கு உண்டு’ என்று காட்டினார். அடி விட்டம் இவ்வளவு என்றால் உயரம் இத்தனை மடங்கு, பீடம் இவ்வளவு, தலை இவ்வளவு... அங்கேயும் விட்டம்தான் அளவுகோல், இங்கேயும் விட்டம்தான். 1834-ல் லண்டனில் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டி அதை வெளியிட்டது. புத்தகத்தைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. இந்தியர் ஒருவர் இந்தியக் கட்டடக்கலை பற்றி ஆங்கிலத்தில் எழுதிய முன்னோடிப் புத்தகம் அது. அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவு பீடிகை எதற்கென்றால், என் அக்கா காட்டுப்பாக்கத்தில் வீடு கட்டினாள்.

மாமா ஆவடியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். பி.எஃப். பணம், கிராஜுவிட்டி, கொஞ்சம் பேங்க் லோன், அக்காவின் ரெட்டை வடம் சங்கிலி. இதுதான் முதல். ‘நீ பி.காம். படிச்சவன், வந்து கணக்கைப் பாரு’ என்று அக்கா கூப்பிட்டாள். போனேன். அஸ்திவாரம் முடிந்து, காலம் எழுப்ப கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். கவனியுங்கள், மேஸ்திரிகள் பாஷையில் கான்கிரீட் தூணுக்குப் பெயர் ‘காலம்’. “காலம் சரியா வரலேன்னா வீடு நிக்காது சார்” என்று மேஸ்திரி சொன்னபோது ஜோசியம் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

மாமாவுக்கு முன்னால் நாலு தூண் வேண்டும். கொரிந்தியன். அந்தப் பெயரெல்லாம் அவருக்குத் தெரியாது. மேஸ்திரியின் செல்போனில் படங்கள் இருந்தன. “இது வரி பில்லரு, இது ஜிலேபி பில்லரு, இது பூ பில்லரு.” ஜிலேபி என்றால் அயோனிக். பூ என்றால் நம் கழுதைமுள்ளி. ரெடிமேடாக, அச்சில் வார்த்து, ரெண்டு பாதியாக வரும். வண்டியில் கொண்டுவந்து நிறுத்தி, சேர்த்து ஒட்டி, மேலே பூச்சு. உள்ளே வெறும் வெற்றிடம். போர்ட்டிகோ ஸ்லாபோ நாலடி வெளியே நீட்டிய கேன்டிலீவர். பின்னால் இருக்கும் பீமே அதைத் தாங்கிக்கொள்ளும். தூண் இருந்தாலும் நிற்கும், இல்லாவிட்டாலும் நிற்கும்.

நாலு பூ பில்லருக்குச் சொன்ன விலையில் ரெண்டு பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டிவிடலாம். லோன் பணத்தில் அதற்கு இடமில்லை. மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு ஒரு வழி சொன்னார்.

“உள்ள காலத்துல ரிங்கு ஆறு இஞ்சுக்கு ஒண்ணு போட்டுனு இருக்கோம் சார். ஒம்போது இஞ்சுக்கு ஒண்ணு போட்டா கம்பி மிச்சம், கூலியும் மிச்சம். பூசிட்டா யாருக்கும் தெரியப்போறது இல்ல. அந்தக் காசை முன்னால போட்டுக்கலாம்.”

மாமா என்னைப் பார்த்தார். “மாப்ளே, ரெண்டு மாடிதானே... தாங்காதா?”

ரிங் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். காலத்துக்குள் நேராக நிற்கும் கம்பிகளைச் சுற்றிச் சதுரமாக வளைத்துக் கட்டும் சின்னக் கம்பி. மேலே பாரம் ஏற ஏற, நேர்க் கம்பிகள் வெளிப்பக்கமாகப் பிதுங்கப் பார்க்கும். கான்கிரீட் வெடித்துப் பக்கவாட்டில் சிதறப் பார்க்கும். அதை இறுக்கிப் பிடிப்பது ரிங். விறகுக் கட்டுக்குக் கயிறு மாதிரி. கயிறு தூரத் தூரமாக இருந்தால் கட்டு பிரியும். இதற்கு இந்தியத் தரநிர்ணய விதி ஒன்று இருக்கிறது, ஐ.எஸ். 456. நேர்க் கம்பிகளில் மெலிந்தது எதுவோ, அதன் விட்டத்தைப் போல் பதினாறு மடங்குக்கு மேல் ரிங்குகளின் இடைவெளி போகக் கூடாது. அக்கா வீட்டுக் காலத்தில் இருந்தது 12 எம்.எம். கம்பி. பதினாறால் பெருக்கினால் 192 எம்.எம். அதாவது, ஏழரை அங்குலம். ஒன்பது அங்குலம் என்பது விதிக்கு வெளியே.

விட்டத்தைப் போல் ஆறு மடங்கு, எட்டு மடங்கு என்றார் விட்ருவியஸ். விட்டத்தை வைத்தே கணக்குச் சொன்னார் ராம் ராஸ். நம் காலத்துத் தூணுக்கும் அதே விட்டம், பதினாறு மடங்கு. அழகுக்கு வைத்த கணக்கு கொஞ்சம் பிசகினால் கட்டடக்கலை படித்தவர்கள் சிரிப்பார்கள். இந்தக் கணக்கு பிசகினால் என்ன ஆகும் என்பதை காட்டுப்பாக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அங்கிருந்து சில கிலோமீட்டர்தான் மௌலிவாக்கம். 2014, ஜூன் 28. மழை பெய்த சனிக்கிழமை சாயங்காலம். கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் ஒரேயடியாக உட்கார்ந்துவிட்டது. 61 பேர் செத்தார்கள். பெரும்பாலும் ஆந்திராவிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும், நம் மாவட்டங்களிலிருந்தும் கூலி வேலைக்கு வந்தவர்கள். சம்பளம் வாங்குகிற நாள் என்பதால் கீழே கூடியிருந்தார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. வடிவமைப்பிலேயே கோளாறு என்றது விசாரணை கமிஷன். பக்கத்தில் நின்ற அதன் ஜோடிக் கட்டடத்தை 2016, நவம்பர் 2-ம் தேதி வெடி வைத்துத் தகர்த்தார்கள். சில விநாடிகளில் எல்லாம் முடிந்தது. டி.வி-யில் அதை வாணவேடிக்கை மாதிரி காட்டினார்கள்.

ரெண்டு மாடி வீடும் பதினோரு மாடியும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். மேஸ்திரியும் கெட்டவர் இல்லை. இதுவரை நாற்பது வீடு கட்டியிருப்பதாகச் சொன்னார், நாற்பதும் நிற்கின்றன. அதுதான் தைரியம். நில அதிர்வோ, ஊறிப்போன மண்ணோ, பின்னாளில் பையனுக்குக் கல்யாணம் ஆகி மேலே ஏற்றும் மூணாவது மாடியோ வந்து கேட்கும் வரை எந்தத் தூணும் உள்ளே இருப்பதைக் காட்டுவதில்லை.

மெட்ராஸிலேயே இதற்கு ஒரு மாற்று உதாரணம் இருக்கிறது. எழும்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க். 1821-ல் திறந்த ஸ்காட்டிஷ் தேவாலயம். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் நட்சத்திரம் பதித்த நீலக் குவிமாடம். அதைத் தாங்கி வட்டமாகப் பதினாறு கொரிந்தியன் தூண்கள். காட்டுப்பாக்கத்துப் பூ பில்லர்களுக்கெல்லாம் தாத்தா. ஆனால், அந்த இடம் ஒரே சேறு. சாதாரண அஸ்திவாரம் நிற்காது. கட்டிய மேஜர் டி ஹேவிலாண்ட் என்ன செய்தார் தெரியுமா? நம்மூர்க்காரர்கள் கிணற்றுக்கு உறை இறக்குகிற வித்தையை எடுத்துக்கொண்டார். சுமார் 150 கிணறுகளை, 14 அடியிலிருந்து 50 அடி ஆழம் வரை இறக்கி, அதன் மேல் தேவாலயத்தை உட்கார வைத்தார். மேலே கொரிந்து, கீழே கிணறு வெட்டுகிறவனின் மூளை. இருநூறு வருஷம் தாண்டியும் நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் தூணைத்தான் போட்டோ எடுக்கிறார்கள்.

நான் மாமாவிடம் கர்க்கைப் பற்றியெல்லாம் பேசவில்லை. பேசினாலும் எடுபட்டிருக்காது. அவர் கண்ணில் அந்த நாலு தூண் எதுவென்று எனக்குப் புரிந்துதான் இருந்தது. முப்பத்தைந்து வருஷம் வாடகை வீடு. எட்டு வீட்டுக்காரர்கள். ‘தண்ணி அதிகமா செலவாகுது’, ‘விருந்தாளி ஜாஸ்தியா வராங்க’ என்று கேட்டுக் கேட்டுப் புழுங்கிய மனுஷன். தெருவில் போகிறவன் ஒரு விநாடி நின்று பார்க்கட்டும் என்று நினைத்ததில் என்ன தப்பு? கொலோசியம் கட்டிய சக்கரவர்த்திக்கும் அதே நினைப்புதான் இருந்திருக்கும். அவருக்கு பேங்க் லோன் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

முடிவு செய்தது அக்கா. செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள்.

“மேஸ்திரி, உள்ள ஆறு இஞ்சுன்னா ஆறு இஞ்சுதான். நாளைக்குக் காலையில டேப்பை எடுத்துட்டு வந்து நானே அளக்கப்போறேன். முன்னால நாலு வேணாம், ரெண்டு போதும். பூவும் வேணாம். அந்த ஜிலேபி போட்டது இருக்கே, அது என்ன விலை?”

“அது கம்மிதான்மா.”

“அதையே போடுங்க. பார்க்க லட்சணமா இருக்கு. ஏங்க, உங்களுக்கு ஜிலேபி பிடிக்கும்ல?”

மாமா முனகினார். ரெண்டு நாள் சரியாகப் பேசவில்லையாம். சொன்ன மாதிரியே அக்கா மறுநாள் டேப்பும் கையுமாகப் போய் நின்றிருக்கிறாள். கம்பி கட்டும் பையன்கள் முதலில் சிரித்தார்களாம். ரெண்டு இடத்தில் எட்டு அங்குலம் இருந்தது. பிரித்துக் கட்டச் சொல்லி, கட்டி முடிக்கும் வரை வெயிலில் நின்றாளாம். கான்கிரீட் போட்ட பிறகு சாக்கு சுற்றி, வேளா வேளைக்குத் தண்ணீர் விட்டதும் அவள்தான். பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற மாதிரி செய்தாள் என்றார் மேஸ்திரி.

ஜிலேபித் தூண்கள் கடைசியில் வந்தன. நிறுத்தும்போது மேஸ்திரிக்கு ஒரு யோசனை. மொட்டை மாடித் தண்ணீர் இறங்க முன்பக்கச் சுவரில் ரெண்டு பி.வி.சி. குழாய் வர வேண்டும். மழைநீர்த் தொட்டியில் கொண்டுபோய் விட வேண்டும். 2003-ல் வீட்டுக்கு வீடு கட்டாயம் ஆக்கினார்களே, அந்தத் தொட்டி. வெளியே குழாய் தெரிந்தால் எலிவேஷன் கெட்டுப்போகும். தூண்தான் உள்ளே காலியாக இருக்கிறதே... ரெண்டு பாதியையும் சேர்த்து ஒட்டுவதற்கு முன்னால் குழாயை உள்ளே விட்டு மூடிவிட்டார்.

போன ஐப்பசியில் அடைமழை. சாலை நடுவில் மெட்ரோவுக்காக நட்ட ராட்சசத் தூண்கள் பூவும் இல்லாமல், ஜிலேபியும் இல்லாமல் நனைந்துகொண்டிருந்தன. அவற்றைத் தாண்டி, முழங்கால் வரை பேன்ட்டை மடித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். தலையைத் துவட்டக்கூட விடவில்லை மாமா. கையைப் பிடித்துப் போர்ட்டிகோவுக்கு இழுத்துவந்து, “தூணுல காதை வெச்சுப் பாரு மாப்ளே” என்றார்.

வைத்தேன். உள்ளே சளசளவென்று மழை இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.